மருந்து கிடைத்தது, அறிவு கிடைத்ததா?

வெள்ளி விழா மலரில் பள்ளியையும் பட்டதாரிகளையும் பற்றி எழுதுவதே மரபு. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது வேறொரு கல்வி. அது நம் தாய்மார்களும் சகோதரிகளும் தம் உடலைப் பற்றி, கருப்பையைப் பற்றி, பால்வினை நோய்களைப் பற்றிப் பெறவேண்டிய கல்வி. அதனை அவர்கள் பெறவேண்டிய இடம் மருத்துவமனை. அவ்வாயில் நமக்கு எப்போது, எவ்வளவு திறந்தது என்பதை வரலாறு சொல்லும்.

1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவர். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய மகளிரின் உயிர்காக்க எழுந்த நற்பணி அது. ஆயினும் அதற்கு இடப்பட்ட பெயர் ‘சாதி இந்து மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை’ என்பது. அப்பெயரில் நம் மகளிர் இல்லை. விடுதலைக்குப் பின் அது கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி, இன்று திருவல்லிக்கேணியில் அனைவருக்கும் பொதுவாக விளங்குகிறது.

1930இல் மைசூர் அரசு கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கருத்தடை பற்றிய அறிவை அரசு மக்களிடையே பரப்புக, அதற்கான வசதிகளையும் செய்க என்பதே அது. அண்ணல் அம்பேத்கர் ஆயத்தம் செய்த உரையை அன்று அவையில் வாசித்தவர் பி. ஜே. ரோஹம். தீர்மானம் தோற்றது. ஆனால் அண்ணல் கேட்டதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்: அவர் முதலில் கேட்டது அறிவு.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சேரிகளுக்கும் செவிலியர் வந்தனர். அதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும் அறுவை சிகிச்சைக்கு அழைத்த அளவுக்கு அதனை விளக்கிச் சொன்னாரில்லை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா ஒரு காப்பு இல்லத்துப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூரில் சோதித்தபோது எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நாடே விழித்துக்கொள்ளக் காரணமான இரத்தம் அந்த ஏழைப் பெண்களுடையது. எதற்காக எடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இதனைப் பின்னாளில் நிர்மலாவே மறைக்காமல் கூறினார். அறிவியல் வென்றது, அதற்குத் தம் குருதி தந்தவர்களோ அறியாமையிலேயே இருந்தனர்.

நிலைமை பின்னர் மாறியது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையங்கள்’ ஏற்பட்டன. சோதனைக்கு முன் விளக்கமும் ஒப்புதலும் வேண்டும், முடிவு இரகசியமாகக் காக்கப்படவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது.

இவ்வளவு இருந்தும் குறை தீர்ந்ததா? சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தியின் தாய் ஒரு மருத்துவமனைச் சீட்டுடன் பள்ளிக்கு வந்தார். “ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. அங்க கேக்க வெக்கமா இருந்துச்சு” என்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அச்சீட்டைக் கண்டு நாமும் நாணினோம். ஓர் ஆசிரியையை அழைத்து, தனியறையில் விளக்கச் செய்தோம். அஞ்சத்தக்க நோய் ஏதுமில்லை; ஆயினும் அத்தாய் பல நாள் அஞ்சியே வாழ்ந்திருந்தார்.

வடபழனி வாழ் நம் இளைஞர்களே! நீங்கள் கற்ற எழுத்து உங்கள் வீட்டுப் பெண்களின் அச்சத்தைப் போக்கவில்லையெனில் அக்கல்வி அரைகுறையே. படித்த நம் மகளிர் மாதம் ஒரு நாள் நம் கழகக் கட்டடத்தில் அமர்ந்து, சீட்டுகளைப் படித்துச் சொல்லவும், தயங்குவோருடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லவும் முன்வருவார்களாக. கேட்பதற்கு வெட்கப்படாத ஒரு தலைமுறையை உருவாக்குதலே இவ்விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பு.