'கூலி' என்னும் சொல்லும் மன்னார்க் கரையும்

ஒரு மொழியின் சொல் பிறமொழி புகும்போது அதன் பொருள் விரிதலும் சுருங்குதலும் இழிதலும் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்னும் பெயர்ச்சொல் இழிபொருள் எய்தியவற்றுள் ஒன்றாகும். அதன் வரலாற்றை அறிய விழைவோர் அகராதிகளோடு மன்னார்க் கரையையும் நோக்குதல் வேண்டும்.

தமிழில் கூலி என்பது உழைப்பிற்குப் பெறும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் பாவில், உடல் வருந்த முயன்றதன் பயனைச் சுட்டும் உயர்ந்த சொல்லாக அது ஆளப்பட்டுள்ளது. வண்டிக்கூலி, ஏற்றுகூலி, நாட்கூலி ஆகிய வழக்குகளும் கொடுக்கப்படும் பொருளையே குறிப்பன. உழைப்பவரைக் குறிக்க வேண்டின் கூலியாள், கூலிக்காரர் என ஆளைச் சுட்டும் உறுப்பொன்று சேர்தல் மரபு. கூலி வேறு, அதனைப் பெறும் ஆள் வேறு என்னும் தெளிவு இவ்வழக்கிற் காணப்படுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. குசராத்துப் பகுதியில் வாழ்ந்த கோலி என்னும் மக்களின் பெயரே அதற்கு மூலம் என்பர் ஒரு சாரார். தமிழ்க் கூலியே மூலம் என்பர் மற்றொரு சாரார். 1886இல் யூல், பர்னல் ஆகியோர் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவ்விரண்டையும் ஆராய்கின்றது. மூலம் எதுவாயினும், தமிழ்த் தொழிலாளரின் செவியில் அது தம் ஊதியத்தின் பெயராகவே ஒலித்திருக்கும். தமிழ்க் கூலியோடு ஒப்பிடுமிடத்து, ஆங்கில வழக்கில் 'ஆள்' மறைந்து கூலி மட்டுமே எஞ்சியது எனலாம்.

இம்மறைவு இலக்கண அளவில் நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மத்திய மலைநாட்டிற் கோப்பிச் செய்கை பரவியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாகப் புறப்பட்டனர். தோணிகளிற் பாக்கு நீரிணையைக் கடந்து தலைமன்னார், அரிப்பு முதலிய மன்னார்க் கரையோர இடங்களில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவைக் காட்டு வழியே நடந்தனர். குடிநீரும் உணவும் அரிதாகிய அவ்வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களை எப்பதிவேடும் சொல்லாது. பதிவேடுகளில் அவர்கள் 'கூலிகள்' என்னும் ஒரு தொகையாகவே நின்றுவிட்டனர்.

பொருளின் முரண் இதனினும் ஆழமானது. ஊதியத்தின் பெயரால் அழைக்கப்பட்ட இம்மக்களுக்கு அவ்வூதியமே ஒழுங்காகக் கிட்டவில்லை. ஊரைவிட்டுப் புறப்படும்போதே வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கிற் கடனாக ஏறின. கோப்பிக் காலத்திற் சம்பளம் பல மாதங்கள் நிலுவையில் நிற்பதும் உண்டு. கடன் தீர்க்கப்படின் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' என்னும் சீட்டு, ஒரு தோட்டத்துக் கடனை அடுத்த தோட்டத்திற்கு எடுத்துச் சென்றது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நீடித்தது. ஆகவே கூலி என்ற பெயரைச் சுமந்தவர் உண்மையிற் கடனையே சுமந்தார்.

பயண வழி பின்னர் மாறியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. புகையிரதப் பாதையும் தலைமன்னாரை எட்டியது. காட்டு நடை முடிவுற்றது, பெயர் முடிவுறவில்லை. தோட்டத்துரைமார் கற்பதற்கென எழுதப்பட்ட தமிழ்க் கைந்நூலொன்று 'கூலித் தமிழ்' என்றே பெயர் பெற்றது. ஆளுக்கு இட்ட பெயர் அவர் பேசிய மொழிக்கும் ஏறியது. எனினும் சட்டத்தின் மொழி மெல்ல மாறிற்று. குறைந்தபட்ச வேதனம் பற்றிய 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தன் தலைப்பில் 'இந்தியத் தொழிலாளர்' பற்றியே பேசுகின்றது.

இலங்கைக்கு வெளியேயும் இச்சொல் இவ்வாறே நின்றது. 1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகள், கற்றவராயினும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார். தொழிலைக் குறித்த சொல் அங்கு ஓரினம் முழுவதையும் குறிக்கும் வசையாயிற்று. இக்காலத்து ஆங்கில அகராதிகள் இதனை இழிவழக்கு எனச் சுட்டுவது இக்காரணம் பற்றியே.

எனவே அச்சொல்லின் சரியான ஆட்சி யாது? பழைய ஆவணங்களை எடுத்தாளும்போது அதனை மாற்றுதல் வரலாற்றை மறைப்பதாகும். அங்கு மேற்கோட் குறிக்குள் அது நிற்கலாம். ஆய்வாளர் தம் கூற்றாக எழுதுமிடத்துத் 'தொழிலாளர்' என்பதே பொருந்தும். தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில வழக்கைப் பின்பற்றி ஆளையே கூலி என்று தமிழில் எழுதுவது, பிறர் நீக்கிய 'ஆளை' நாமும் நீக்குவதாகும்.

தலைமன்னார் வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியோருட் பலர் அதே தலைமன்னார்த் துறையிலேயே கப்பலேறினர். 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே மீண்டும் நடந்தவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பதாகும். பதிவேடு இட்ட பெயருக்கு அக்கரையிலிருந்து எழுந்த மறுமொழி அது.