நான்கு தந்திக்காரர்

ஈழத்துப் பொப் இசை பற்றி எழுதுவோர் நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் விட்டுவிடுவதில்லை. விடவும் கூடாது. ஆனால் பின்வரிசையில் நின்று பேஸ் கிற்றார் வாசித்தவர் யாரென்று எவர் கேட்கிறார்?

ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, 1951இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் விற்பனைக்கு விட்ட நான்கு தந்திக் கருவி பெரும் விடுதலை. இலங்கையிலோ 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. இருந்த கருவிகளே கைமாறின.

1982இல், புங்குடுதீவு மடத்துவெளி முருகன் கோயில் திருவிழா. ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி, ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் மணலில் இருந்த என் நெஞ்சு அதிர்ந்தது. கச்சேரி முடிந்த விடியற்புறம் பேஸ்காரர் அந்தப் பெட்டிமீதே அமர்ந்து, இன்னொரு குழுப் பையனுடன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "தந்தி பழசுதான் தம்பி. கொதிதண்ணியிலை போட்டெடும், திரும்பப் பேசும்" என்றார். உண்மைதான். சுற்றுக்கம்பிகளுக்கிடையே படிந்த விரல் அழுக்குக் கரைந்தால் ஒலி சற்றுத் துலங்கும். சில நாட்களுக்கு மட்டும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கலாம். பேஸ் கிற்றாரை ஒலிக்கவைக்க இயலாது. அடுத்த ஆண்டு படையினர் தீவகத்தைக் கைப்பற்ற, ஊரே பெயர்ந்தது.

பின்னாளில் அந்தக் குழுவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். பாடகர்கள் அனைவரின் பெயர்களும் அதில் உண்டு. பேஸ்காரரின் பெயரை நானும் கேட்கவில்லை.