மாத்தளைப் பாதையும் மிஸியின் கைவிளக்கும்

மாத்தளை நகரிலிருந்து வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறுகின்ற பாதையில் அமைந்த சிற்றூர் இரத்தோட்டை. அதனைச் சூழவும் அதற்கு மேலேயும் நிக்லோயா, கம்மடுவ, கந்தேநுவர முதலிய தோட்டங்கள். அவற்றுக்கும் அப்பால் மூடுபனி தவழும் ரிவர்ஸ்டன். தேயிலையும் மிளகும் ஏலமும் சாதிக்காயும் விளைகின்ற அம்மண்ணின் வளத்தைப் பற்றி நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவ்வளத்தை உண்டாக்கிய மக்களின் உடல்நல வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். வரலாறு என்றதும் மன்னரையும் போரையும் எதிர்பார்ப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இவ்வரலாற்றில் வருவன ஒரு காட்டுப்பாதையும், ஒரு புழுவும், ஒரு வெற்றிலைச் சுருளும், வாய்க்குள் நோக்கும் ஒரு கைவிளக்குமேயாம்.

முதலில் காட்டுப்பாதை. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் படகேறி மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து அடர்ந்த காட்டினூடே, தம்புள்ளை வழியாக, மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நூறு மைலுக்கும் மேற்பட்ட நடை அது. வழியிற் குடிக்கக் கிடைத்தது குளத்து நீரும் பள்ளத்து நீருமே. வாந்திபேதி கூட்டத்தினுட் புகுந்துவிட்டால், விழுந்தவனைத் தூக்கிச் செல்ல ஆளிராது, கூட்டம் நகர்ந்துவிடும். அப்பாதை வந்து முடிந்த மாத்தளையில், ஒரு மரத்தடியிற் சிலையாக இருந்த முத்துமாரியம்மனுக்கு 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியுடன் கோயில் எழுந்தது. அம்மையையும் வெப்பு நோயையும் தணிப்பவள் மாரி. கொள்ளைநோயினூடே நடந்து வந்தவர்கள் அவளைக் கைகூப்பி நின்றதில் வியப்பென்ன?

அரசு வாளாவிருந்தது என்று கூறிவிடவும் இயலாது. கோயில் எழுவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. வைத்தியசாலைகளும் மருந்துசாலைகளும் தோன்றின. ஆயினும் அது நோயுற்றவனைக் கவனிக்கும் சட்டமேயன்றி, நோய் வாராமற் காக்கும் சட்டமன்று. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மாத்தளை மக்கள் உணர மேலும் ஒரு தலைமுறைக்கு மேற் சென்றது.

அக்காலத்து மருத்துவ உலகே அவ்வேறுபாட்டை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது. 1847இல் வியன்னா நகரத்து மகப்பேற்று மனையொன்றில், பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவ மாணவர் பிரசவம் பார்க்க வருவதைக் கண்டார் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர். குளோரின் கலந்த நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டுமென அவர் விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேராக இருந்த தாய்மார் மரணம், ஜூனில் இரண்டு பேரளவிற்குத் தாழ்ந்தது. அவரை அவருடைய சகாக்களே ஏற்கவில்லை என்பது வேறு கதை. நோயாளியைத் தொடும் கையே நோயைக் கொண்டு செல்லக்கூடும் என்னும் உண்மை, ஆடம்பரமற்றதாயினும், இன்றளவும் தாதிமைக் கல்வியின் முதற்பாடமாக நிற்கின்றது.

இனிப் புழுவின் கதைக்கு வருவோம். 1916இல் அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்து, குடலிலிருந்து குருதியை உறிஞ்சுவது. பாதிக்கப்பட்டவன் வெளிறிப்போய், வேலைக்கு வலுவற்றவனாவான். இயக்கத்தார் லயம் லயமாகச் சென்று மருந்து கொடுத்தனர். புழு வெளியேறிற்று. ஆனாற் சில காலத்துள் அதே மக்களுக்கு அதே புழு மீண்டும் பற்றிற்று. காரணம் வெளிப்படை. மலசலகூடங்கள் இல்லை, மருந்துண்டவன் மறுநாளும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தான். மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் விரும்பவில்லை. தொழிலாளிக்குப் பழக்கமில்லை என்று அவர்கள் சொன்ன சமாதானத்தை நான் ஏற்பதற்கில்லை. இல்லாத ஒன்றைப் பழகிக்கொள்வது எங்ஙனம்?

இத்தகைய தோல்வியிலிருந்தே ஒரு நல்ல கருத்துப் பிறந்தது. வந்து மருந்து கொடுத்துவிட்டுச் செல்லும் படையைவிட, ஓரூரிலேயே தங்கி, வீடு வீடாகச் சென்று, பிள்ளைப்பேறும் குடிநீரும் தடுப்பூசியும் ஒருங்கே கவனிக்கும் நிலையான சேவையே பயன்தரும் என்பது அக்கருத்து. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவிற்று. இன்று நாம் காணும் குடும்பநல மருத்துவமாது அம்மரபில் வந்தவரே. ஆனாற் பெருந்தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே, டிஸ்பென்சர் ஐயாவின் மருந்துசாலையோடு நின்றது. அரசு அதனைச் சிறிது சிறிதாக ஏற்கத் தொடங்கியது மிகப் பிற்பட்ட காலத்திலேதான்.

வெற்றிலைச் சுருளுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாம்பூலத்தை இகழ்வது என் நோக்கமன்று. மங்கலத்துக்கும் விருந்தோம்பலுக்கும் உரிய அப்பொருள், அதிகாலைக் குளிரில் மலையேறிக் கொழுந்து பறிப்போருக்குப் பசியையும் களைப்பையும் மறக்கச் செய்யும் துணையாகவும் ஆயிற்று. துன்பம் யாதெனில், வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் கூடி நாள்முழுவதும் ஒரே கன்னத்தில் அடங்கிக் கிடப்பதே. 1933இல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மிஷன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், தாம்பூலம் மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி லண்டன் மருத்துவ இதழொன்றில் விரிவாக எழுதினார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை விளைவிப்பது என உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் வரையறுத்தது. புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்குமட்டுமே கூட அத்தகையதே என அது 2004இல் வெளியிட்ட நூலிற் காணலாம். இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் நீண்டகாலமாக முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோயே.

எனினும் இந்நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஈரலிலோ கணையத்திலோ தோன்றும் புற்று மறைந்து வளர்வது. வாய்ப்புற்றோ, கண்ணுக்கு முன்னே வளர்வது. பெரும்பாலும் அதற்கு முன்னோடியாக வெண்படலமோ செம்படலமோ தோன்றும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டாற் பொறுக்கமாட்டாத எரிவு, மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க இயலாதவாறு வாய் இறுகிப்போதல் ஆகிய அடையாளங்களைக் காண்பதற்கு எக்ஸ்ரேயும் வேண்டா, பெரிய வைத்தியசாலையும் வேண்டா. கைவிளக்கும், பயின்ற கண்ணும், கழுவிய கையும் போதும்.

இவ்வுண்மையை இலங்கையிலேயே சோதித்துப் பார்த்தனர். சமன் வர்ணகுலசூரியவும் உடனாய்வாளரும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்ட ஆய்வு அது. ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் 34 பேர், தம் அன்றாடப் பணியினிடையே, ஓராண்டுக்குள் நாட்டுப்புற மக்கள் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்தனர். 1,220 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்களைக் கண்டு, சிறப்பு நிலையத்துக்குச் செல்லுமாறு பணித்தனர். சென்றோரை நிபுணர் மீளப் பரிசோதித்தபோது, பணியாளர் கண்டது பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரில் சரியாகவே இருந்தது. மருத்துவப் பட்டம் பெறாதோரின் கண்ணும் நம்பத்தக்கதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பின்னர்த் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரும் ஆய்வு, இத்தகைய வாய்ப் பரிசோதனையாற் புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று மரணம் நூற்றுக்கு 34 வீதம் குறைந்ததென 2005இற் காட்டிற்று.

ஆனால் 1984ஆம் ஆண்டின் கணக்கில் என் நெஞ்சை விட்டகலாதது பிறிதோர் எண். அனுப்பப்பட்ட 1,220 பேரில் சிறப்பு நிலையத்துக்குச் சென்றோர் 660 பேர் மாத்திரமே. எஞ்சிய 560 பேர் செல்லவில்லை.

ஏன் செல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு லயத்தின் வாசலில் நின்று பார்த்தால் போதும். வாயில் வெண்படலம், வலி இல்லை. "வலியே இல்லையே மிஸி, இதுக்குப் போயி ஒரு நாள் பேரை விடணுமா?" என்று கேட்கும் முதியவரை மடமையாளர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாட் கூலி. மலையிலிருந்து இரத்தோட்டைக்கு ஒரு பயணம், அங்கிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், மேலும் கண்டிக்கு ஒரு பஸ். கண்டியிலும் முடியாதாயின் மகரகமை. அங்கே தமிழிற் பேசுவார் உண்டோ இல்லையோ என்ற அச்சம் வேறு. தோட்ட மக்களுக்குத் துண்டு என்பது ஒருகாலத்திற் கடன்சீட்டு. கடன் தீர்ந்தாலொழிய வேறு தோட்டம் செல்லவிடாத அம்முறை 1921இல் ஒழிந்தது. இன்று மிஸி எழுதிக் கொடுக்கும் துண்டோ, போகச் சொல்லும் துண்டு; போவதற்குரிய வழியைத்தான் அத்துண்டு தருவதில்லை.

சிகிச்சை முடிந்து, அல்லது சிகிச்சையின் இடையிலே, அந்நோயாளி லயத்துக்கு மீள்கின்றபோது வரலாற்றின் பழைய பகுதியும் உடன் மீள்கின்றது. புற்றுநோய் மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதற் பதினான்காம் நாள் வரையில், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குருதியில் மிகக் குறைந்துவிடும். அந்நாள்களிற் பிறர்க்குச் சிறு இருமலாக வருவது அவர்க்கு உயிர்போக்குவதாக முடியலாம். மன்னார்ப் பாதையில் மக்களை வீழ்த்திய அழுக்கு நீரும், செம்மல்வெய்ஸ் அஞ்சிய கழுவாத கையும் மறுபடி அவரைச் சூழ்கின்றன. இங்கே தாதியின் பணி மருந்தைவிடச் சிறிதன்று. நோயாளியைத் தொடுமுன் சவர்க்காரமிட்டு நாற்பது முதல் அறுபது விநாடி கைகழுவுதல், கொதித்தாறிய நீர், மென்மையான பல்தூரிகை, உப்பும் அப்பச்சோடாவும் சிறிதளவு கரைத்த நீரால் வாய் கொப்பளித்தல் ஆகியவற்றை வீட்டாருக்குச் செய்துகாட்டுபவர் அவரே. அனைத்திலும் முக்கியமானது காய்ச்சல். வெப்பமானி 38 பாகை செல்சியசைத் தொட்டால் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளுதல் ஆகாது. பகலாயினும் இரவாயினும் வைத்தியசாலைக்கு உடனே செல்லவேண்டும். ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்கும் லயத்தில் அவருக்கெனத் தனிப்பாயும் தனிக்கோப்பையும் ஒதுக்குவது, அவரை ஒதுக்குவதாகாது என்பதையும் விளக்கவேண்டும். புற்றுநோய் ஒட்டுநோயன்று, நம்மிடமிருந்துதான் அவரைக் காக்கிறோம்.

பெண்களைத் தாக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றைப் பற்றி ஒரு சொல். அதற்கான பரிசோதனை 1996 முதல் மகளிர் நல நிலையங்களில் நடைபெற்று வருகின்றது. அதற்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்குப் பாடசாலைகளிலே இடப்படுகின்றது. தொற்றைத் தடுத்தாற் புற்றையும் தடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பாடசாலைக்கே ஊசி வருவதால், அங்கே பேரை விடவேண்டிய அவசியமும் இல்லை.

வாய்ப்புற்றில் அவ்வாறு வாசலுக்கே கொண்டுவரக்கூடியது பரிசோதனை மட்டுமே; சிகிச்சைக்கு மலையிறங்கியே ஆகவேண்டும். ஆதலின் கைவிளக்கோடு லயத்துக்குச் செல்லும் மிஸியின் குறிப்பேட்டில், எத்தனை வாய்களைப் பார்த்தார் என்ற பத்திக்கு அருகே இன்னொரு பத்தியும் வேண்டும். துண்டு பெற்றவர் எந்த நாளில், எந்த பஸ்ஸில், யாருடன் கண்டிக்குப் போனார் என்பதை அதில் எழுதவேண்டும். பத்தி வெறுமையாயிருந்தால், அடுத்த வாரம் அதே படியேறி, "தாத்தா, துண்டு எங்கே?" என்று மறுபடியும் கேட்கவேண்டும்.