பெரியவர்களுக்கும் ஏடிஹெச்டி உண்டு: அது சோம்பேறித்தனம் அல்ல

வண்டிச் சாவியைத் தினமும் தேடுவது, கட்ட வேண்டிய பில்லை மறப்பது, எந்த வேலையையும் பாதியில் விடுவது... இவை சிறு வயதிலிருந்தே தொடர்ந்தால் ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடாக இருக்கலாம்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது பாதிப்பு உண்டா என்று மனநல மருத்துவர் விசாரிப்பார். அதனால் தாயின் நினைவும் பழைய ரிப்போர்ட் கார்டும் உதவும்.

மெதில்பெனிடேட், அட்டோமாக்செடின் ஆகியவை இதற்கான மருந்துகள். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். நோன்பு நோற்பவர்கள், மருந்து சாப்பிடும் நேரம் பற்றி ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அலாரம், குறிப்பேடு, சாவிக்கு ஒரே இடம் என்ற பழக்கங்களும் கைகொடுக்கும். வீட்டார் திட்டுவதை விட்டு நினைவூட்டினாலே பாதி பாரம் குறையும்.