"இன்னாத்துக்குப்பா போட்டோ புடிக்கற?" - தெருவில் உடையைப் படம் எடுத்தவர்களின் கதை

நான் வாங்கிய ஒரு திட்டில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது.

போன தை மாதம். இடம் எங்கள் செய்யாறு பஸ் ஸ்டாண்ட். கையில் அண்ணனிடம் இரவல் வாங்கிய கேமரா. பெரிய ஊர்ப் பசங்க எல்லாம் தெருவில் போகிறவர்களின் உடையைப் படம் எடுக்கிறார்களே, நம்ம ஊரில் மட்டும் என்ன குறைச்சல் என்று ஒரு வேகம். உண்மையிலேயே குறைச்சல் இல்லை. ஒரு பக்கம் கல்யாணத்துக்குப் போகும் பட்டுச்சேலைக் கூட்டம். இன்னொரு பக்கம் சிப்காட் கம்பெனி பஸ்ஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கும் பெண்கள். நடுவில் ஒரு அக்கா. சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆம்பளை சட்டை, முழுக்கை, தலையில் துண்டு. எனக்கு அதுதான் அன்றைய பிரமாதமான உடையாகத் தெரிந்தது. கேட்காமலேயே எடுத்துவிட்டேன்.

"இன்னாத்துக்குப்பா போட்டோ புடிக்கற?"

"இல்லக்கா... டிரஸ் நல்லா இருந்துச்சு..."

"நெல்லு அறுத்துட்டு வர்றேன். சொணை புடுங்கக்கூடாதுன்னு வூட்டுக்காரர் சட்டைய மாட்டிக்கினு போறோம். இதுல இன்னா நல்லாகீது? அழிச்சிடு."

அவர் முன்னாலேயே அழித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த "இன்னாத்துக்கு?" மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. படிப்பது வரலாறு என்பதால் கேள்வியை வரலாற்றுப் பக்கம் திருப்பினேன். நம்ம ஆட்கள் உடுத்தியிருந்ததை முதன்முதலில் படம் எடுத்தவர்கள் எதற்காக எடுத்தார்கள்?

ஆள் இல்லாத தெருக்கள்

கேமராவுக்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது. தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு சாதிக்கு ஒரு கணவன் மனைவி என்று ஜோடி ஜோடியாக வரைந்து விற்றார்கள். உடையும் கையில் தொழில் கருவியும் இருக்கும். இன்று அவற்றைக் கம்பெனி ஓவியங்கள் என்கிறார்கள்.

புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். சென்னையில் 1856இலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றிப் படம் எடுத்தார். கோவில்கள் அற்புதமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான படங்களில் ஆளே இருக்காது! அன்றைய கேமராவுக்கு வெளிச்சம் விழ நேரம் பிடிக்கும். நடந்து போகிறவர் படத்தில் பதியவே மாட்டார். அந்தக் காலத்தில் ஒருவரின் உடையைப் படம் எடுக்க வேண்டுமானால் அவரை அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் எடுத்தார்கள்.

துணிக்காக

1866இல் லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தைச் சேர்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் ஒரு பெரிய காரியம் செய்தார். இந்தியா முழுவதும் வாங்கிய துணிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். இப்படி 20 செட். அதில் 13 பிரிட்டனில் மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்களுக்கு, 7 மட்டும் இந்தியாவுக்கு. கூடவே இந்திய மக்களின் துணிகளையும் உடைகளையும் பற்றி ஒரு தனிப் புத்தகம். யார் என்ன உடுத்துகிறார்கள், எப்படிச் சுற்றிக் கட்டுகிறார்கள் என்று படங்களோடு விளக்கியது.

நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. இந்தியர்கள் உடுத்தும் சேலை, வேட்டி, தலைப்பாகை எல்லாம் தறியிலிருந்து அப்படியே இறங்குபவை, வெட்டித் தைப்பதில்லை. நீளம், அகலம், கரை கொஞ்சம் மாறினாலும் இங்கே ஒருவரும் வாங்க மாட்டார்கள். அதனால் பிரிட்டிஷ் மில்காரர்கள் இதையெல்லாம் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்றார். சுருக்கமாகச் சொன்னால், சந்தை ஆய்வு.

இதைப் படித்தபோது எனக்கு ஆரணி தாத்தா ஞாபகம்தான் வந்தது. அம்மாவைப் பெற்றவர், குழித்தறியில் பட்டு நெய்தவர். ஆரணி இன்று பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லின் துணிக்கும் பேர்போன ஊர். வாட்சனின் மாதிரிகளில் நீளம், அகலம், எடை, விலை, வாங்கிய ஊர் எல்லாம் குறித்திருக்கிறது. நெய்தவர் பெயர்? அது இல்லை. மில் துணி அதற்கு முன்பே இங்கே வந்து இறங்கிவிட்டது, எல்லாப் பழியையும் 18 தொகுதிகள் மேல் போட முடியாது. ஆனால் உடையை உற்றுப் பார்ப்பது எப்போதுமே அந்த உடையின் மேல் உள்ள ஆசையால் இல்லை என்று புரிகிறது இல்லையா?

சாதிக்காக

1857 கலகத்துக்குப் பிறகு ஆட்சியாளர்களுக்கு இன்னொரு தேவை வந்தது: ஆளப்படுகிறவர்கள் யார் யார்? 1868 முதல் 1875 வரை "இந்தியாவின் மக்கள்" என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வந்தன. வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பாசிரியர்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் வட இந்தியா. படத்தில் இருப்பவர் பெயர் பெரும்பாலும் கிடையாது. சாதிப் பெயர் உண்டு, அந்தச் சாதி நல்லதா கெட்டதா என்று சர்டிபிகேட்டும் உண்டு.

இதைப் பார்த்த ஒரு இந்தியரின் அனுபவம் பதிவாகியிருக்கிறது. 1869இல் லண்டன் போன சர் சையத் அகமது கானும் மகன் மஹ்மூதும் இந்தியா ஆபீஸில் இந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு இளம் வெள்ளைக்காரர் அதைப் புரட்டிவிட்டு மஹ்மூதிடம் நீங்கள் இந்துஸ்தானியா என்று கேட்கிறார். ஆமாம் என்ற பையன் முகம் சிவந்து, ஆனால் எங்கள் முன்னோர் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சேர்க்கிறான். படத்தில் இருப்பது தானில்லை என்றாலும் கூசிப்போகிறான். கொடுமை என்னவென்றால், அந்தக் கூச்சத்தில் படத்தில் இருப்பவர்களை அவனும் கைவிடுகிறான்.

நம்ம பக்கம் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கேமராவோடு அளவுகோலும் போனது. மூக்கின் நீள அகலம்கூட அளக்கப்பட்டது. இன்றும் ஆராய்ச்சிக்கு அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. "இந்தச் சாதி இப்படித்தான் உடுத்தும்" என்று இவர்கள் குறித்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், அப்படி உடுத்த மாட்டோம் என்று ஜனங்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பகுதியில், நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு! ஒரு தோள்சீலைக்கு இவ்வளவு கதை இருக்கிறது. "இது இவர்கள் உடை" என்று ஒரு வரி எழுதிப் படத்தை ஒட்டும்போது அந்தக் கதை முழுவதும் காணாமல் போகிறது.

ஆசைக்காக

சரி, உடை பிடித்திருக்கிறது என்பதற்காகவே தெருவில் படம் எடுத்தவர்கள் எப்போது வந்தார்கள்? கேமரா கைக்கு அடக்கமான பிறகு. லண்டன் கார்ட்டூனிஸ்ட் லின்லி சாம்போர்ன் 1905 முதல் சில ஆண்டுகள் மறைவுக் கேமராவால் கென்சிங்டன் தெருப் பெண்களைப் படம் எடுத்தார். அந்தப் பெண்களுக்குத் தெரியாது. படங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன, பார்க்கவும் அவ்வளவு சங்கடமாக இருக்கிறது.

நியூயார்க்கில் பில் கன்னிங்காம். நீல நிற வேலைக்காரர் கோட்டு, சைக்கிள், கேமரா. 1978இல் தெருவில் ஒரு பெண்ணின் கோட்டு பிடித்துப்போய்ப் படம் எடுத்தார். எடுத்தபோது அவர் யார் என்றே தெரியாது. பிறகுதான் நடிகை கிரேட்டா கார்போ என்று தெரிந்தது. அந்தப் படங்கள் நியூயார்க் டைம்ஸில் வந்தன. 2016இல் இறக்கும் வரை அந்தப் பத்திரிகைக்காகத் தெருவில்தான் நின்றார். எங்கள் தாத்தாவும் இதே ரகம் :) கல்யாண வீட்டில் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார், முந்தியைத்தான் பார்ப்பார்.

டோக்கியோவில் ஷோய்ச்சி ஆவோகி 1997இல் தொடங்கிய "ஃப்ரூட்ஸ்" பத்திரிகை எனக்கு இன்னும் முக்கியம். ஹராஜுகு தெருவில் இளைஞர்களை நிறுத்திக் கேட்டு எடுத்தார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர், வயது, என்ன செய்கிறார், எந்தத் துணியை எங்கே வாங்கினார் என்ற விவரம். 2017 வரை வந்தது. "இந்தியாவின் மக்கள்" தொகுதியிலும் ஆள், உடை, கீழே சில வரிகள். இதிலும் அதேதான். வித்தியாசம், அந்த வரிகளைச் சொன்னது யார் என்பதில்.

இப்போது நான்

இனிமேல் கேட்டுவிட்டுத்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் தாத்தாவிடமே போனேன். "இருடா" என்று உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்து வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதியோடு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எடுக்க நினைத்த லுங்கியும் நூல் ஒட்டிய பனியனும் போயே போச்சு. கேட்டால் தெரு மறைந்து ஸ்டுடியோ வந்துவிடுகிறது. இதுதான் இதில் உள்ள நஷ்டம். ஆனால் தாத்தா எப்படித் தெரிய விரும்புகிறார் என்பதும் ஒரு தகவல்தானே?

இப்போது நான் செய்வது நடுவில் ஒன்று. எடுப்பேன், உடனே போய்க் காட்டுவேன், ஏன் உடுத்தினீர்கள் என்று கேட்பேன். வேண்டாம் என்றால் அழிப்பேன். இதுவரை 14 பேரில் 5 பேர் வேண்டாம் என்றார்கள். மீதி 9 பேரின் வார்த்தைகள் என் நோட்டில் அப்படியே இருக்கின்றன.

அந்தச் சட்டை அக்காவை மறுபடி பார்க்கவில்லை. அவர் படமும் என்னிடம் இல்லை. ஆனால் சொணை புடுங்கக்கூடாது என்று அவர் சொன்ன ஒரு வரி இருக்கிறது. என் நோட்டில் முதலில் எழுதி வைத்திருப்பது அதைத்தான்.