பழைய யப்பானியத் துவிச்சக்கரவண்டி ஒன்றின் அடையாளம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரச ஆவணம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. உழைக்கும் மக்கள் நாள்தோறும் கையாண்ட கருவிகள் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவது அரிது. அவற்றை ஆக்கியோர் தம் பெயரை அவற்றிலே பொறித்து வைக்கவில்லை; அவற்றைப் பயன்படுத்தியோரும் தம் வாழ்க்கையை எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஒரு சாதாரண கருவியை முறையாக நோக்கினால், எழுத்தாவணம் கூறாத சில உண்மைகளை அது கூறும். பழைய பொருட் கடையொன்றிலே வாங்கப்பட்ட யப்பானியத் துவிச்சக்கரவண்டி ஒன்றின் காலத்தையும் தோற்றத்தையும் துணிய முற்படும் இக்கட்டுரை, அம்முயற்சியினூடாக அத்தகைய சான்றுகளை வாசிக்கும் முறையினையும் ஆராய்கின்றது.

இவ்வண்டி ஒசாக்கா மாநகரில் வாங்கப்பட்டது. விற்றவர் இதனைப் போருக்கு முந்திய ஆங்கில வண்டி என்றார். கருநிறப் பூச்சும் கோல்களால் இயங்கும் முன்பிறேக்கும் நிமிர்ந்த இருக்கை அமைப்பும் அவ்வாறு எண்ண இடமளிப்பன. இலங்கை வாசகர் எவரும் முதற் பார்வையில் இதனை றலி வண்டிக்கு உறவு எனவே கொள்வர். ஆனால் ஊன்றி நோக்கும்போது பொருந்தாத கூறுகள் பல தென்படுகின்றன. சட்டகம் பெண்கள் ஏறுவதற்கேற்பத் தாழ வளைந்தது; பின்புறமோ பாரம் ஏற்றுதற்குரிய அகன்ற கரியரையும் கனத்த இருகால் தாங்கியையும் கொண்டது. முன் கவைக்கு, சரக்கு வண்டிகளிற் போல, துணைக் கோல்கள் இரண்டு பொருத்தப்பட்டுள்ளன. பின் சில்லின் குடத்திலே மூன்று வேகக் கியர் உண்டு. முன்குழாயில் இருந்திருக்க வேண்டிய இலச்சினைத் தகடு கழன்றுவிட, இரு ஆணித்துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆகவே பெயரைக் கொண்டு அடையாளம் காணும் எளிய வழி அடைபட்டுவிடுகின்றது.

முதலில், எந்நாட்டு வண்டி என்பதை அளவு காட்டுகின்றது. கைபிடித் தண்டின் அடியிலே குண்டுப்போதிகை வளையம் அமரும் இடத்தின் விட்டம் 27.0 மில்லிமீற்றர். இது யப்பானியத் தர அளவு. பின்னாளில் அனைத்துலக அளவாக ஏற்கப்பட்டது 26.4 மில்லிமீற்றர். றலி நிறுவனத்தார் அங்குலத்துக்கு 26 புரிகள் கொண்ட தமக்கேயுரிய திருகாணி முறையைக் கையாண்டனர். இவ்வண்டியிலோ 24 புரிகள் உள்ளன. பூச்சும் தோற்றமும் போலச் செய்யப்படலாம்; பட்டறையின் அளவுகோல் அவ்வாறு எளிதில் மாறுவதில்லை. எனவே வடிவம் ஆங்கிலேயரிடம் கற்றதாயினும் இது யப்பானில் உருவான வண்டி எனத் துணியலாம்.

அடுத்து, காலத்தைத் துணிவதற்கு எழுத்தமைதி உதவுகின்றது. நமது சாசனவியலாளர் பிராமி எழுத்தின் வரிவடிவ மாற்றங்களைக் கொண்டு சாசனங்களின் காலத்தைக் கணிப்பது நாம் அறிந்ததே. பின் மட்காட்டில் ஒட்டப்பட்டுள்ள கடைச் சீட்டுக்கும் அம்முறை பொருந்தும். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை யப்பானில் கிடைவரி எழுத்துக்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. போருக்குப் பின்னரே இடமிருந்து வலமாக எழுதுவது பொது வழக்காயிற்று. 1946இல் பொது வழக்குக்குரிய சீன எழுத்துக்களின் பட்டியலும், 1949இல் அவற்றின் எளிய வடிவங்களின் பட்டியலும் வெளியிடப்பட்டன. துவிச்சக்கரவண்டி எனப் பொருள்படும் மூவெழுத்துச் சொல்லின் நடு எழுத்து அவ்வாறு எளிமைப்படுத்தப்பட்டவற்றுள் ஒன்று. இச்சீட்டிலே அச்சொல் இடமிருந்து வலமாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் நடு எழுத்து பழைய வடிவிலேயே உள்ளது. அதாவது எழுதும் திசை புதியது, எழுத்து பழையது. கடைக்காரர் பழைய வடிவங்களை விரைவிற் கைவிடுவதில்லையாதலால் இதனை மட்டும் முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் போரை அடுத்துவந்த மாறுகாலத்தையே இது சுட்டுகின்றது. முகவரியில் 'மினாமி' என்னும் நகரப் பிரிவு காணப்படுகின்றது. 1989இல் அப்பிரிவு அயற்பிரிவுடன் இணைக்கப்பட்டுப் பெயர் மறைந்தது. எனவே அவ்வாண்டுக்குப் பிந்தியதன்று என்பதற்கும் சான்று கிடைக்கின்றது.

இவ்வெல்லையை மேலும் சுருக்குவன அரசின் தலையீட்டுக்குச் சான்றான இரு குறிகளாகும். ஒன்று, இருக்கைக் குழாயிலே காணப்படும் யப்பானியக் கைத்தொழில் தரமுத்திரை. 1949இல் நிறைவேறிய கைத்தொழில் தரச் சட்டத்தின் பின்னரே இம்முத்திரை வழங்கிற்று. 2005இல் அதன் வடிவம் மாற்றப்பட்டது. வண்டியிலுள்ளது பழைய வடிவம். மற்றையது, கைபிடித் தண்டில் இறுக்கப்பட்டுள்ள சிறிய வரித்தகடு. யப்பானில் துவிச்சக்கரவண்டிக்கு வரி விதிக்கப்பட்டு வந்தது. 1954இல் அது பாரவண்டி வரியோடு ஒன்றாக்கப்பட்டது, 1958இல் ஒழிக்கப்பட்டது. தகட்டிலே அவ்விணைந்த வரியின் பெயரும் சோவா 30ஆம் ஆண்டு என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. அது 1955ஆம் ஆண்டாகும். ஆகவே சட்டகம் 1949க்கு முந்தியதன்று, 1955க்குப் பிந்தியதுமன்று.

இவ்விடத்திலே ஒரு முரண்பாடு எழுகின்றது. பின் சில்லின் குடத்திலுள்ள மூன்று வேகக் கியர், ஷிமானோ நிறுவனத்தார் 1957இல் வெளியிட்ட 3.3.3 என்னும் வகையைச் சேர்ந்தது. 1955இல் வரி செலுத்திய வண்டியில் 1957இன் பொருள் எவ்வாறு வந்தது? பழம்பொருள் சேகரிப்போர் இத்தகைய வண்டியைக் 'கலப்பு' எனக் கூறி விலையைக் குறைப்பர். ஆனால் முன் சில்லின் வளையமும் பின் சில்லின் வளையமும் வெவ்வேறு ஆக்கத்தவை. கம்பிகளின் மினுக்கும் வேறுபடுகின்றது. பின் சில்லு முழுவதும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். ஓராண்டில் ஆக்கப்பட்டு அவ்வாறே நின்றுவிட்ட பொருளன்று இது. பழுதுபார்க்கப்பட்டு, பணிக்கேற்ப மாற்றப்பட்டு, பல்லாண்டு உழைத்த பொருள். முரண்பாடு எனத் தோன்றியதே இவ்வண்டியின் வாழ்க்கை வரலாறாகும்.

இனி, ஆக்கியோர் யார் என்னும் வினா. இலச்சினைத் தகடு கிடைத்திருப்பினும் இவ்வினாவுக்கு முழு விடை கிடைத்திராது. இதனை விளங்கிக்கொள்ள யப்பானியத் துவிச்சக்கரவண்டிக் கைத்தொழிலின் உற்பத்தி அமைப்பினை நோக்குதல் வேண்டும். மெய்ஜிக் காலத்தில் இக்கைத்தொழில் துப்பாக்கிக் கொல்லரிடமிருந்தே தோன்றிற்று. தோக்கியோவில் துப்பாக்கி செய்து வந்த மியாட்டா எய்சுக்கே 1890இல் துவிச்சக்கரவண்டியை உருவாக்கினார். துப்பாக்கிக் குழல் துளைக்கும் நுட்பம் வண்டிக் குழாய்க்குப் பயன்பட்டது. ஒசாக்காவை அடுத்த சக்காய் நகரின் வரலாறு இதனினும் தெளிவானது. வாள், புகையிலை அரியும் கத்தி, 1543இல் போர்த்துக்கேயர் வருகையோடு அறிமுகமான துப்பாக்கி என வழிவழியாக இரும்பிலே தொழில் செய்த கம்மியர் அங்கே இருந்தனர். இறக்குமதியான வண்டிகளைப் பழுதுபார்க்கப் புகுந்த அவர்கள் உதிரிப்பாகங்களைச் செய்யலாயினர். ஷிமானோ நிறுவனமும் 1921இல் அந்நகரிலேயே ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கியது.

இவ்வளர்ச்சியின் விளைவாக, ஒரே கூரையின் கீழ் முழு வண்டியையும் ஆக்கும் தொழிற்சாலைகளோடு, பாகமொன்றை மாத்திரம் செய்யும் சிறு பட்டறைகளும், அவற்றை வாங்கிப் பொருத்தித் தம் பெயரிட்டு விற்கும் மொத்த வணிகரும் அருகருகே இயங்கினர். எனவே இலச்சினைத் தகடு பல வேளைகளில் ஆக்கியோனின் பெயரன்று, விற்றோனின் பெயரே. உழைத்தோர் பெயர் மறைய வணிகன் பெயர் நிலைபெறுவது பண்ட உற்பத்தியின் பொது இயல்பு. சட்டகத்தின் அடியிலுள்ள இலக்கமும் இதனைத் தீர்த்துவைக்காது. ஒவ்வோர் ஆக்குநரும் தத்தமக்கேற்ற இலக்கமுறையைக் கையாண்டமையால், பதிவேடு எஞ்சியிராதவிடத்து அவ்விலக்கம் ஊமையாகவே நிற்கும்.

பாகங்களின் பொதுத்தன்மை இருமுகம் கொண்டது என்பதும் கருதத்தக்கது. 1930களில் மலிவான யப்பானிய வண்டிகள் தென்கிழக்காசியச் சந்தைகளிற் பரவியிருந்தன. 1941 டிசெம்பரில் மலாயாவிற் புகுந்த யப்பானியப் படைகள் துவிச்சக்கரவண்டிகளில் விரைந்து முன்னேறி, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றின. வழியிலிருந்த ஊர்களிலேயே வண்டிகளும் உதிரிப்பாகங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. வணிகம் வகுத்த பாதையிலே படை சென்றது. போரின் பின்னரோ அதே பொதுத்தன்மை வேறொரு பணியை ஆற்றிற்று. 1955இன் சட்டகத்தில் 1957இன் சில்லைப் பொருத்தித் தொழிலைத் தொடரச் சாதாரண மனிதருக்கு அது வழிசெய்தது.

போரிலே சிதைந்த நாடு மீண்டெழுந்த காலத்தில் துவிச்சக்கரவண்டி முதன்மையான போக்குவரத்துக் கருவியாக இருந்தது. சன்யோ நிறுவனம் 1947இல் துவிச்சக்கரவண்டியின் டைனமோ விளக்கைக் கொண்டே தன் தொழிலைத் தொடங்கிற்று. 1948இல் துவிச்சக்கரவண்டிப் பந்தயச் சட்டம் இயற்றப்பட்டு, பந்தயச் சூதின் வருவாய் உள்ளூராட்சி நிதிக்கும் இக்கைத்தொழிலின் வளர்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டது. இவ்வண்டி அத்தகைய காலத்தின் குழந்தை.

இதனை ஓட்டியவர் யார்? யப்பானில் பெண்ணும் துவிச்சக்கரவண்டியும் என்னும் பொருள் பேசப்படும்போதெல்லாம் 1903இல் யோமியூரி நாளிதழில் தொடராக வந்த கொசுகி தெங்காயின் நாவல் நினைவுகூரப்படும். அதன் நாயகி துவிச்சக்கரவண்டியில் வரும் மாணவி. அன்று அக்காட்சி வசதி படைத்த புதுமைப் பெண்ணின் குறியீடு. அடுத்து, 1956இல் யமாகுச்சி நிறுவனம் வெளியிட்ட 'ஸ்மார்ட் லேடி' என்னும் இலகுவான வண்டி குறிப்பிடப்படும். பின்னாளில் 'மாமாச்சாரி', அதாவது அம்மாவின் சைக்கிள், எனப் பெயர்பெற்ற நகர வண்டிகளுக்கு அது முன்னோடி என்பர். அவ்வரலாற்றில் மாணவிக்கும் இல்லத்தரசிக்கும் இடம் உண்டு. பாரம் சுமந்த பெண்ணுக்கு இடமில்லை. நம் வண்டியோ தாழ்ந்த சட்டகமும் சரக்குக் கரியரும் ஒருங்கே கொண்டது. மிதியின் இடப்புறம் வலப்புறத்திலும் மிகத் தேய்ந்துள்ளது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓட்டப்பட்டதன் தடம் அது. கடைதோறும் வீடுதோறும் பண்டம் கொண்டுசென்ற ஒருவரின் வண்டி எனக் கொள்வது பொருந்தும். அவர் பெண்ணாக இருந்திருத்தல் கூடும். நீண்ட மேலாடை அணிந்த ஆணாக இருந்திருத்தலும் கூடும். சான்று இவ்வளவிலே நின்றுவிடுகின்றது. நாமும் நின்றுவிட வேண்டும். எனினும் பெண்ணின் வண்டி, உழைப்பின் வண்டி என்று நாம் வகுக்கும் எல்லைகள் விற்பனைப் பட்டியல்களுக்கு உரியன. தெருவிலே அவை அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பதை இவ்வண்டி உணர்த்துகின்றது.

பிற்கால வளர்ச்சி நாம் அறிந்ததே. நிலையங்களின் முன் குவிந்த வண்டிகளை ஒழுங்குபடுத்த 1980இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1985இன் பின் யென் நாணயத்தின் பெறுமதி உயர, உற்பத்தி தாய்வானுக்கும் சீனாவுக்கும் பெயர்ந்தது. இன்று யப்பானில் விற்பனையாகும் வண்டிகளிற் பெரும்பாலானவை இறக்குமதியானவை. பழுதுபார்ப்பதிலும் புதிது வாங்குவது மலிவு என்னும் நிலையில், கைவிடப்பட்ட வண்டிகள் உள்ளூராட்சி மன்றங்களால் அகற்றப்படுகின்றன.

இந்நிலையிலே பழைய வண்டியொன்று கைக்கு வரும்போது அதனை என் செய்வது என்பது வெறும் விருப்பு வெறுப்புச் சார்ந்த வினாவன்று. துருவைச் சுரண்டி, புதுப்பூச்சுப் பூசி, 'காலத்துக்கு ஒவ்வாத' பின் சில்லை நீக்கி, எங்கோ கிடைத்த புகழ்பெற்ற இலச்சினையொன்றை முன்குழாயில் அறைந்தால் வண்டி அழகுபெறும், விலையும் ஏறும். ஆனால் கடைச் சீட்டும் தரமுத்திரையும் தேய்ந்த மிதியும் மறைந்துவிடும். கல்வெட்டின் எழுத்தைச் சுண்ணாம்பு பூசி மூடிய திருப்பணிகளை நாம் கண்டதுண்டு. எனவே சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, புதிய ரயர் இரண்டு பூட்டியதோடு இவ்வண்டி அவ்வாறே விடப்பட்டுள்ளது. இலச்சினை இருந்த இடத்தில் இரு ஆணித்துளைகளும் அவ்வாறே உள்ளன. பெயர் அறியப்படாத சக்காய்க் கம்மியரையும் பெயர் அறியப்படாத ஓட்டுநரையும் குறிக்க இவற்றினும் நேர்மையான அடையாளம் வேறில்லை.