கைமாறிய விளையாட்டுகள்

ஆடி முடித்த வீடியோ விளையாட்டைக் கடையில் கொடுத்துவிட்டு, அந்த மதிப்புக்கு வேறொன்றை எடுத்துவரும் பழக்கம் அமெரிக்காவில் பெரிய வணிகமாக வளர்ந்தது 1990களில்தான். அந்த வணிகத்தின் முக்கிய நிறுவனங்கள் பல டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தவை. ஹியூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் உள்ள சுகர் லேண்ட், பெயருக்கேற்ப இம்பீரியல் சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். ஆலை 2003இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே எண்ணெய், மருத்துவம், கணினித் துறை வேலைகளுக்காக வந்த இந்தியக் குடும்பங்கள், தமிழர்கள் உட்பட, அங்கே வீடு வாங்கிக் குடியேறத் தொடங்கியிருந்தன. 1996இல் ஃபர்ஸ்ட் காலனி மால் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த இத்தகைய புறநகர்களே பழைய விளையாட்டுச் சந்தைக்குச் சரக்கையும் வாடிக்கையாளரையும் ஒருசேரத் தந்தன.

இந்தச் சந்தைக்குச் சட்ட அடித்தளம் இட்டது ஒரு நாவல் பற்றிய வழக்கு. பாப்ஸ்-மெரில் பதிப்பகம் தன் நாவலை 1 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. ஒரு பிரதியை விற்ற பிறகு, அந்தப் பிரதி அடுத்து யாரிடம் என்ன விலைக்குப் போகிறது என்பதில் பதிப்பகத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த விதி 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் 109ஆவது பிரிவாக இடம்பெற்றது. பழைய புத்தகக் கடைகளைக் காத்த அதே விதி பிறகு கார்ட்ரிட்ஜுக்கும் டிஸ்க்குக்கும் பொருந்தியது.

ஹியூஸ்டன் பகுதிக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கும் உண்டு. நகரத்துக்குத் தென்கிழக்கே, நாசா மையத்தை ஒட்டிய கிளியர் லேக்கில், ஒரு கம்ப்யூட்டர்லேண்ட் கடையில் ரிச்சர்ட் கேரியட் என்ற மாணவர் 1979இல் வேலை பார்த்தார். விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன். ஆப்பிள் 2 கணினிக்கு அவர் எழுதிய 'அகலபெத்' என்ற விளையாட்டு, ஃபிளாப்பியும் நகலெடுத்த குறிப்புத் தாள்களுமாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் அந்தக் கடையிலேயே தொங்கியது. அப்படி விற்றவை மிகச் சில பிரதிகளே. பிறகு கலிஃபோர்னியா நிறுவனம் ஒன்று ஏற்று வெளியிட்டு 30,000 பிரதிகள் விற்றது. அந்த முதல் பைகளில் மிஞ்சியவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

கேரியட் அடுத்து உருவாக்கிய 'அல்டிமா' வரிசை பழைய பிரதிகளின் மதிப்பையே மாற்றியது. 1982இல் வந்த 'அல்டிமா 2' முதல், டப்பாவுக்குள் துணியில் அச்சிட்ட வரைபடம் வைக்கப்பட்டது. நகலெடுப்பதைத் தடுக்க மற்ற நிறுவனங்களும் டப்பாவையே பூட்டாக்கின: கையேட்டின் இன்ன பக்கத்தில் உள்ள சொல் எது என்று விளையாட்டு கேட்கும், அல்லது அட்டைச் சக்கரத்தைச் சுழற்றி விடை பார்க்கச் சொல்லும். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் கடற்கொள்ளையர் முகங்களைப் பொருத்தும் சக்கரம் இருந்தது. எனவே பழைய பிரதி வாங்குபவர் ஃபிளாப்பி வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதாது. சக்கரம் தொலைந்திருந்தால் விளையாட்டே திறக்காது. கையேடு, வரைபடம், டப்பா எல்லாம் இருக்கும் பிரதிக்கு ஒரு விலை, வெறும் ஃபிளாப்பிக்கு வேறு விலை என்ற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

1983 வீடியோ விளையாட்டுத் தொழிலில் சரிவின் ஆண்டு. அளவுக்கு மீறித் தயாரித்த அட்டாரி நிறுவனம், விற்காத சரக்கை டெக்ஸாஸின் எல் பாசோ கிடங்கிலிருந்து லாரிகளில் ஏற்றி, நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் அதைத் தோண்டி எடுத்தவற்றில் எண்ணூறுக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜுகள் ஏலத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் அதிகமாக ஈட்டின.

அதே 1983இல் டல்லஸின் நார்த்பார்க் சென்டரில் பேபேஜஸ் என்ற மென்பொருள் கடை திறந்தது. கணினியின் முன்னோடி சார்லஸ் பேபேஜின் பெயர் தாங்கிய அந்தக் கடையைத் தொடங்கியவர்கள் ஜேம்ஸ் மெக்கரி, கேரி குசின் என்ற இருவர். முதலீட்டாளர்களில் ஒருவர் தொழிலதிபர் ராஸ் பெரோ. அவர்கள் விற்றது புதிய சரக்கு. பழைய விளையாட்டைத் தொழிலாக மாற்றியவர் மினசோட்டாவின் டேவிட் பொமிஜே. அவர் 1988இல் தொடங்கிய ஃபன்கோ, எந்த விளையாட்டை என்ன விலைக்கு வாங்கும், என்ன விலைக்கு விற்கும் என்று பட்டியலிட்டுச் செய்தித்தாள் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது. பழைய பொருளுக்கு எங்கும் ஒரே விலை என்ற நம்பிக்கையைச் சிறுவர்களிடம் வளர்த்தது அந்தப் பட்டியல்தான். இத்தொழிலில் வந்த கண்டுபிடிப்புகளில் அதுவே தலையாயது.

பேபேஜஸ் 1994இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து, 1996இல் திவாலாகி, பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடைச் சங்கிலியின் தலைவர் லியனார்ட் ரிஜியோ கைக்குப் போனது. 1999இல் கேம்ஸ்டாப் என்ற பெயர் வந்தது. 2000இல் ஃபன்கோவை பார்ன்ஸ் அண்ட் நோபிள் வாங்க, டல்லஸ் கடைச் சங்கிலியும் மினசோட்டா விலைப்பட்டியலும் ஒன்றாகின. டல்லஸை ஒட்டிய கிரேப்வைனில் தலைமையகம் அமைந்தது. புதிய விளையாட்டில் கடைக்குக் கிடைத்த மொத்த லாபம் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. பழையதில் கிட்டத்தட்ட பாதி. கொண்டுவந்து கொடுத்தவருக்குக் கிடைத்தது குறைவு, பெரும்பாலும் கடைக் கணக்கில் வரவு. டெக்ஸாஸ் வரிச்சட்டம் இதற்குத் துணை நின்றது: மாற்றுக்குக் கொடுத்த பொருளின் மதிப்பைக் கழித்து மீதித் தொகைக்கே விற்பனை வரி. 8.25 சதவீதம் வரி வசூலிக்கும் சுகர் லேண்ட் போன்ற ஊரில் வாடிக்கையாளருக்கு அது சிறு சலுகை.

டெக்ஸாஸில் பிறந்த இன்னொரு நிறுவனம் ஹாஃப் பிரைஸ் புக்ஸ். 1972இல் டல்லஸில் பழைய லாண்ட்ரி ஒன்றில் தொடங்கிய பழைய புத்தகக் கடை அது. சுகர் லேண்டிலும் கிளை கண்ட அந்தச் சங்கிலி, புத்தகத்தோடு விளையாட்டு டிஸ்க்குகளையும் வாங்கி விற்றது. டல்லஸில் 1985இல் பிறந்த வீடியோ வாடகைச் சங்கிலியான பிளாக்பஸ்டர், வாடகைக்கு விட்டுத் தேய்ந்த பிரதிகளை மலிவாகத் தள்ளியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் கணினி மென்பொருளை வணிக நோக்கில் வாடகைக்கு விடுவதைத் தடுத்து, டிவியில் இணைக்கும் கன்சோல் விளையாட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. வாடகைக் கடைகள் வழியாகப் பழைய கன்சோல் சரக்கு பெருகியதற்கும், கணினி விளையாட்டுக்கு அந்த வழி அடைபட்டதற்கும் இதுவே காரணம்.

டெக்ஸாஸிலிருந்து விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகும் பெட்டியில் பழைய விளையாட்டு டிஸ்க் வைக்க நினைத்தவர்களுக்கு வேறொரு தடை இருந்தது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் அமெரிக்க டிஸ்க் ஒரு மண்டலக் குறி, இந்தியக் கன்சோல் இன்னொன்று. டெக்ஸாஸில் வாங்கிய டிஸ்க், மாற்றம் செய்யாத சென்னைக் கன்சோலில் ஓடாது. கணினி விளையாட்டுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

ஆனால் கணினி விளையாட்டின் பழைய சந்தைதான் முதலில் இறந்தது. 1990களின் இறுதியில் பல விளையாட்டுகளின் ஒவ்வொரு டிஸ்க்குடனும் ஒரு தனி எண் வந்தது. 'ஸ்டார்கிராஃப்ட்' போன்ற விளையாட்டை இணையத்தில் ஆட அந்த எண் வேண்டும். முந்தைய உரிமையாளர் அதை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் வாங்கியவர் பாடு திண்டாட்டம். வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில், விளையாட்டுகளை இணைய வழியில் வழங்கும் ஸ்டீம் சேவையைத் தொடங்கியது. 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கியவரும் அதை ஸ்டீம் கணக்கில் பதிய வேண்டியிருந்தது. பதிந்த விளையாட்டு அந்தக் கணக்கை விட்டு நகராது. கணக்கை விற்பதும் ஒப்பந்தப்படி கூடாது. ஆட்டோகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பிரதிகளை விற்ற ஒருவர் தொடர்பான வழக்கில் 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, உரிமமாகக் கொடுத்த மென்பொருளுக்கு 1908ஆம் ஆண்டு விதி பொருந்தாது என்றது. சொந்தப் பிரதியை மறுவிற்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. விற்பதற்கான பொருள்தான் வாங்குபவர் கைக்கு வரவில்லை.

கன்சோல் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2010இல், பழைய டிஸ்க் வாங்கியவர் இணையத்தில் ஆடத் தனியாக 10 டாலர் கட்ட வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்து, 2013இல் கைவிட்டது. அதே 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்குகளைக் கைமாற்றக் கட்டுப்பாடுகள் அறிவித்தது. அதைக் கேலி செய்யும் விதமாக, போட்டியாளரான சோனி நிறுவனம் தன் விளையாட்டை ஒருவர் மற்றவர் கையில் கொடுப்பதை மட்டும் காட்டும் குறும்படம் ஒன்றை வெளியிட்டது. எதிர்ப்பு தாங்காமல் ஜூன் 19இல் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. இந்த வணிகத்தின் வரலாற்றில் வாங்குபவர்கள் தெளிவாக வென்ற தருணம் அது.

மற்றொரு முனையில் பழைய விளையாட்டு முதலீடாகிவிட்டது. டல்லஸின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் 2021 ஜூலையில் பிரிக்கப்படாத 'சூப்பர் மரியோ 64' பிரதி ஒன்றை 15.6 லட்சம் டாலருக்கு விற்றது. ஆடுவதற்காகப் பழையதைத் தேடும் சிறுவனுக்கு இதனால் நன்மை எதுவும் இல்லை.

கேம்ஸ்டாப் 2024 நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவில் 590 கடைகளை மூடியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இணையக் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஸ்டீம் கணக்கை உயில் எழுதி வாரிசுக்கு விட முடியாது என்று வால்வ் 2024இல் ஒரு பயனருக்குப் பதில் அளித்தது.